பூட்லோடர் கண்ணில் டிரைவ் படவில்லையா? எந்தப் படியில் தொலைந்தது என்று பாருங்கள்

கணினியைப் போடுகிறீர்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து அப்படியே நிற்கிறது. ஒரு இயந்திரத்தில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வரும். இன்னொன்றில் "எரர்: நோ சச் டிவைஸ்" என்று ஒரு நீளமான எண்ணைக் காட்டிவிட்டு, கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று கர்சர் மின்னும். வேறொன்றில் பாதி தூரம் போய், "அலர்ட்! டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று சொல்லி பிஸிபாக்ஸ் ஷெல் என்ற அவசரக் கட்டளைத் திரையில் கொண்டுவந்து விடும். எதைப் பார்த்தாலும் நம் வாயில் வருவது ஒன்றுதான்: "டிரைவைக் காணோம்."

ஆனால் இந்த மூன்று வரிகளையும் சொல்வது மூன்று வேறு ஆட்கள். முதல் வரி, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர் சொல்வது. இரண்டாவது, இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட்லோடர் சொல்வது. மூன்றாவது, லினக்ஸின் மையமான கெர்னல் கூடவே ஏறி வரும் தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் சொல்வது. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் போனால், கேபிள் கழன்றிருக்கும்போது லினக்ஸின் வழக்கமான பூட்லோடரான கிரப்பைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்போம். நான் தொலைத்திருக்கிறேன்.

பூட்லோடருக்கு இரவல் கண்

மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது ஃபர்ம்வேர். பழைய இயந்திரங்களில் அது பயாஸ், இப்போதைய இயந்திரங்களில் யுஇஎஃப்ஐ. அது டிரைவ்களைத் தேடிப் பிடித்து, ஒன்றிலிருந்து பூட்லோடரை ஏற்றுகிறது. பூட்லோடர் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கெர்னல் எழுந்து, தன் சொந்த டிரைவர்களால் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) டிரைவ்களை மறுபடி முதலிலிருந்து தேடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் நிற்கும் பூட்லோடரை. அதற்குச் சொந்தக் கண் கிடையாது. பயாஸ் முறையில் இன்டரப்ட் 13எச் என்ற பழைய வழியிலும், யுஇஎஃப்ஐ முறையில் பிளாக் ஐஓ என்ற நெறிமுறை வழியாகவும் ஃபர்ம்வேரைக் கேட்டுத்தான் அது எந்த டிரைவையும் படிக்கிறது. கிரப்பிடம் சொந்த டிரைவர்கள் சில இருக்கின்றன. ஆனால் சாதாரண கணினியில் அவை வழக்கமாக இயங்குவதில்லை. ஆக, ஃபர்ம்வேர் காட்டாத டிரைவை பூட்லோடர் பார்க்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஃபர்ம்வேருக்கு அடையாளம் தெரியாத டிரைவ் கெர்னலுக்குத் தெரியலாம். என்விஎம்ஈ என்ற புதிய வகை எஸ்எஸ்டியை விரிவாக்க அட்டையில் வைத்து ஒரு பழைய மதர்போர்டில் செருகினால் இதை நேரில் பார்க்கலாம். வேறு டிரைவிலிருந்து லினக்ஸ் ஏறிய பிறகு எஸ்எஸ்டி அழகாகத் தெரியும். அதிலிருந்து மட்டும் பூட் ஆகாது. அந்த ஃபர்ம்வேரில் என்விஎம்ஈ டிரைவரே இல்லை என்பதுதான் காரணம். இங்கே பூட்லோடரை மட்டும் சாட்டா (பழைய வகை கேபிள் இணைப்பு) டிரைவில் வைத்தால் போதாது. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் பூட் பார்ட்டிஷனும் சாட்டா டிரைவிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கிரப்பால் அந்த எஸ்எஸ்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. லினக்ஸின் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் மட்டும் எஸ்எஸ்டியில் இருக்கலாம்; அதைத் தேடுவது கெர்னலின் பாடு.

தொடங்கும் முன்

நிறுவாமலே நேராக ஓடும் லைவ் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று தயாராக இருக்கட்டும். ஃபர்ம்வேர் அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் இருந்து அதில் பிட்லாக்கர் என்ற டிரைவ் குறியாக்கம் போட்டிருந்தால், மீட்புச் சாவியின் 48 இலக்கங்களும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஃபர்ம்வேரில் சிறியதாக ஒன்றை மாற்றினாலும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு அந்தச் சாவியைக் கேட்கலாம்.

இன்னொன்று. கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எச்டி0 என்பது இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு சுழியமும்.

முதல் படி: ஃபர்ம்வேருக்குத் தெரிகிறதா?

கணினியைப் போட்ட உடனே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஃபர்ம்வேர் பக்கம் திறக்கும். இங்கே பலர் நேராக பூட் வரிசைக்குப் போய், அதில் தங்கள் டிரைவ் இல்லை என்று பதறுவார்கள். பூட் வரிசை வேறு, டிரைவ் பட்டியல் வேறு. யுஇஎஃப்ஐ முறையில் அந்த வரிசையில் இருப்பவை பெரும்பாலும் பூட் பதிவுகள்: "விண்டோஸ் பூட் மேனேஜர்", "உபுண்டு" என்பது போல. பூட்லோடர் எதுவும் இல்லாத, வெறும் தரவு மட்டும் இருக்கும் டிரைவ் அங்கே வராமல் இருப்பது இயல்பு. நீங்கள் தேட வேண்டியது "ஸ்டோரேஜ்", "சாட்டா", "என்விஎம்ஈ" என்ற பெயர்களில் இருக்கும் தகவல் பக்கத்தை. அங்கே டிரைவின் மாடல் எண்ணும் கொள்ளளவும் தெரிந்தால் கம்பி இணைப்பில் குறை இல்லை. அடுத்த படிக்குப் போகலாம்.

அங்கேயும் இல்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டியதுதான். சாட்டா டிரைவ் என்றால் இரண்டு கேபிளையும் பிடுங்கிச் செருகுங்கள், டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு போர்ட்டில் போடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். எம்.2வில் புதிதாக எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கு, அதுவரை நன்றாக ஓடிய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எந்த ஸ்லாட் எந்த போர்ட்டை அணைக்கும் என்று மதர்போர்டு கையேட்டில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே அளவு பலகையில் சாட்டா எஸ்எஸ்டியும் வரும், என்விஎம்ஈ எஸ்எஸ்டியும் வரும். ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டுகள் நிறைய உண்டு. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ. ஆனால் வெட்டை நம்பி முடிவு கட்டாதீர்கள், ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

வெளிப்பெட்டியிலிருந்து கழற்றி எடுத்த 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலவே மறுக்கிறதா? அது செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்து இரு" என்று பொருள் கொள்ளும் வசதி சில புதிய டிரைவ்களில் இருக்கிறது. பழைய பவர் சப்ளைகள் அந்த ஊசியில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரைவும் சொன்ன பேச்சைக் கேட்டுப் பேசாமல் இருக்கும். மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது என்பதால், அதன் வழியாக மின்சாரம் கொடுத்தால் எழுந்துவிடும். ஒரே அச்சில் வார்த்த மலிவான அடாப்டர்கள் உருகித் தீப்பிடிக்கும் என்ற கெட்ட பெயர் வாங்கியவை. கம்பிகள் தனித்தனியாக அழுத்திப் பொருத்தப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை

இதுதான் ஆளைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் வகை. என் மேசைக் கணினியில் பூட் பார்ட்டிஷன் ஒரு பழைய சுழலும் டிஸ்க்கில் இருந்தது. காலையில் போட்டால் "நோ பூட்டபிள் டிவைஸ்". கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் அடுத்த முறை ஒழுங்காக ஏறிவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்க எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. மறுநாள் காலை மறுபடி அதே கதை. டேட்டா கேபிளை மாற்றினேன், கிரப்பைத் திரும்ப நிறுவினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டபோதுதான் புரிந்தது. டிஸ்க் "உய்ங்" என்று வேகம் பிடித்து முடிப்பதற்கு முன்பே திரையில் பிழை வந்துவிடுகிறது. ஃபர்ம்வேர் அவசரக்காரன், டிஸ்க் நிதானக்காரன். ரீஸ்டார்ட்டில் டிஸ்க் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் உடனே பதில் சொல்லிவிடுகிறது.

தீர்வு ஃபர்ம்வேரிலேயே இருந்தது. "ஃபாஸ்ட் பூட்" என்பதை அணைத்தேன். நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பல சாதனங்களைத் தொடங்காமலே விட்டுவிடும் வசதி அது. யுஎஸ்பி டிரைவ்கள் பூட் பட்டியலில் வராமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம். அதன் கூடவே, தொடக்கத் திரை எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பை 5 நொடி ஆக்கினேன். அதற்குப் பிறகு அந்தக் காலைப் பிழை வரவே இல்லை. சில மதர்போர்டுகளில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகவே கொடுக்கலாம்.

விண்டோஸ் உள்ளே "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு. அணைக்கும்போது கணினியைப் பாதி உறக்கத்தில் விடும் ஏற்பாடு அது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் அதையும் அணைத்துவிடுவது நல்லது, ஆனால் டிரைவைக் கண்டுபிடிப்பதற்கு அது தொடர்பில்லாத விஷயம்.

ஏஎச்சிஐ, ரெய்ட், விஎம்டி

ஃபர்ம்வேர் பக்கத்தில் டிரைவ் பெயர் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் நிறுவியோ லினக்ஸ் நிறுவியோ "டிரைவ் எதுவும் இல்லை" என்கிறது. இப்படி வந்தால் ஸ்டோரேஜ் கண்ட்ரோலரின் முறையைப் பாருங்கள். சாதாரண முறை ஏஎச்சிஐ. பல லேப்டாப்கள், பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் இன்டெலின் ரெய்ட் முறையிலோ, 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் பரவலாக வரத் தொடங்கிய, என்விஎம்ஈ டிரைவ்களை இன்டெலின் கண்ட்ரோலருக்குப் பின்னால் வைக்கும் விஎம்டி முறையிலோ அமைக்கப்பட்டு வருகின்றன. ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்புக்கு ரெய்ட் எதற்கு என்று கேட்டால், எனக்கும் அதே கேள்விதான்.

பழைய ரெய்ட் முறையில் என்விஎம்ஈ டிரைவ், சாட்டா கண்ட்ரோலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். லைவ் லினக்ஸில் டிஎம்ஈஎஸ்ஜி என்ற கட்டளையைக் கொடுத்து வெளிவரும் வரிகளைப் பார்த்தால், "ரீமேப்டு என்விஎம்ஈ" டிரைவ் இருக்கிறது, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று கெர்னலே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இவ்வளவு தெளிவாகப் புத்தி சொல்லும் பிழைச்செய்தி அபூர்வம்.

புதிய இயந்திரத்தில் எதையும் நிறுவவில்லை என்றால் விஎம்டியை அணைத்து, அல்லது ஏஎச்சிஐக்கு மாற்றி, வேலையைத் தொடங்குங்கள். விஎம்டியை அணைக்க மனமில்லை என்றால் விண்டோஸ் நிறுவியில் "லோட் டிரைவர்" என்பதைச் சொடுக்கி, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து கொடுக்கலாம். அதை முதலில் விரித்து வைத்திருக்க வேண்டும். நிறுவும் கோப்பாகவே கொண்டுபோனால் அந்தத் திரை கண்டுகொள்ளாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் சட்டென்று முறையை மாற்றினால், அடுத்த முறை நீலத் திரையில் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று வரும். மாற்றுவதற்கு முன், விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் தாவலில் "சேஃப் பூட்" பெட்டியை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, நேராக ஃபர்ம்வேருக்குள் போய் முறையை மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் ஏறும்போது புதிய கண்ட்ரோலருக்கான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அதனால் கணக்கின் முழுக் கடவுச்சொல் ஞாபகம் இருக்கட்டும். நிஜமாகவே இரண்டு மூன்று டிரைவ்களை ரெய்டில் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது; முறையை மாற்றினால் அந்தத் தொகுப்பு பிரிந்து நிற்கும்.

பயாஸ் முறையா, யுஇஎஃப்ஐ முறையா

டிரைவ் நன்றாகத் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை. அப்போது டிரைவின் வடிவமைப்பும் ஃபர்ம்வேரின் முறையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய முறையில் பயாஸ் டிரைவின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதற்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. 64 பைட்டில் எவ்வளவு எழுதிவிட முடியும்? நான்கே பார்ட்டிஷன், அதுவும் 512 பைட் செக்டர் கணக்கில் 2 டெபிபைட்டுக்குள். அதனால்தான் பெரிய டிரைவ்களுக்கு ஜிபிடி என்ற புதிய அட்டவணை. யுஇஎஃப்ஐ இந்த முதல் 512 பைட்டிலிருக்கும் நிரலைக் கண்டுகொள்ளாது. ஜிபிடியில் ஈஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷனைத் தேடி, ஃபேட்32 வடிவிலிருக்கும் அதற்குள்ளே உள்ள நிரல் கோப்பை ஏற்றும்.

ஆக, பழைய முறையில் நிறுவிய டிரைவை யுஇஎஃப்ஐ மட்டும் தெரிந்த கணினியில் போட்டால் பூட் ஆகாது. மாற்றிப் போட்டாலும் அப்படித்தான். நடுவில் நின்று சமாளிக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பு புதிய கணினிகளில் மறைந்து வருகிறது. இப்போது எந்த முறையில் ஏறியிருக்கிறீர்கள் என்று பார்க்க, லினக்ஸில் சிஸ் என்ற அடைவுக்குள் ஃபர்ம்வேர் அடைவைத் திறந்து, அதனுள் ஈஎஃப்ஐ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்தால் "பயாஸ் மோட்" என்ற வரியில் எழுதியிருக்கும். நிறுவும் பென் டிரைவையும் அதே முறையில்தான் ஏற்ற வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சில யுஎஸ்பி பெட்டிகள் டிரைவின் 512 பைட் செக்டரை 4096 பைட் என்று கணினிக்குச் சொல்லும். அதற்குள் இருந்தபடி பார்ட்டிஷன் போட்ட டிரைவைக் கழற்றி நேராகச் சாட்டாவில் செருகினால், பார்ட்டிஷன் எதுவுமே இல்லாத காலி டிரைவாகத் தெரியும். தரவு எங்கும் போகவில்லை. மறுபடி அதே பெட்டியில் போட்டு முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் "இனிஷியலைஸ்" மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

டிரைவை வேறு கணினிக்கு மாற்றினால்

யுஇஎஃப்ஐயின் பூட் பதிவுகள் டிரைவில் இருப்பதில்லை. மதர்போர்டில் உள்ள என்விராம் நினைவகத்தில் இருக்கின்றன. டிரைவைக் கழற்றி இன்னொரு கணினியில் போட்டால் பதிவு பழைய வீட்டிலேயே தங்கிவிடும். புதிய ஃபர்ம்வேர் அப்போது பெரும்பாலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேடிப் பார்க்கும்: ஈஎஸ்பிக்குள் ஈஎஃப்ஐ அடைவு, அதற்குள் பூட் அடைவு, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. அது இல்லாவிட்டால் "எதுவும் இல்லை" என்று கையை விரித்துவிடும். கிரப்-இன்ஸ்டால் கட்டளையில் ரிமூவபிள் என்ற தேர்வைச் சேர்த்தால் அந்த இடத்தில் கிரப்பை வைத்துவிடும். இடம் மாற்றும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

பதிவுகளைப் பார்க்க லினக்ஸில் இருக்கும் கட்டளை எஃபிபூட்எம்ஜிஆர். மேனேஜரைச் சுருக்கி வைத்த பெயர். ஒரு முறை கேட்டால் நமக்கு மறக்காது. சும்மா கொடுத்தால் பதிவுகளும் வரிசையும் வரும். விண்டோஸ் பக்கம் பதிவு போய்விட்டால், நிறுவும் பென் டிரைவிலிருந்து கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட்டில் ஈஎஸ்பிக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதலாம்.

கிரப் ரெஸ்க்யூவில் நின்றால்

இப்போது பூட்லோடரிடமே வருவோம். "கிரப் ரெஸ்க்யூ" வந்துவிட்டது என்றால் ஒரு நல்ல செய்தி: ஃபர்ம்வேர் ஒரு டிரைவையாவது பார்த்து, கிரப்பின் முதல் துண்டை ஏற்றிவிட்டது. மீதித் துண்டுகள் இருக்கும் பார்ட்டிஷனைத்தான் அது தேடிக்கொண்டு நிற்கிறது. பார்ட்டிஷனை அழித்து, அளவு மாற்றி, ஃபார்மேட் செய்த மறுநாள் இது வருவது வழக்கம். ஃபார்மேட் செய்தால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி மாறும். கிரப் பழைய எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அங்கே வேலை செய்யும் கட்டளைகள் நான்கைந்துதான். முதலில் எல்எஸ் என்று தட்டுங்கள். இப்படி வரும்:

(எச்டி0) (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) (எச்டி1) (எச்டி1,எம்எஸ்டாஸ்1)

டிரைவ் எண் 0இல் தொடங்கும், பார்ட்டிஷன் எண் 1இல் தொடங்கும். ஏன் என்று கேட்காதீர்கள். ஜிபிடி என்றால் புதிய அட்டவணை, எம்எஸ்டாஸ் என்றால் எம்பிஆர். உங்களிடம் இருக்கும் டிரைவ் ஒன்று இந்த வரிசையில் வரவே இல்லை என்றால், இங்கே நிற்பதில் பலன் இல்லை. முதல் படிக்குத் திரும்புங்கள். டிரைவ் வந்து அதன் பார்ட்டிஷன்கள் வரவில்லை என்றால் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று பொருள்.

அடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து பாருங்கள். எல்எஸ், ஒரு இடைவெளி, (எச்டி0,ஜிபிடி2), ஒட்டியபடி ஒரு சாய்கோடு. கடைசிச் சாய்கோடு இல்லாவிட்டால் பார்ட்டிஷனின் விவரம் மட்டும் வரும், உள்ளே இருப்பது வராது. "பூட்", "ஈடிசி", "ஹோம்" என்று அடைவுகள் வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். பிறகு வரிசையாக:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்திருந்தால் பாதையில் பூட் வராது, கிரப் மட்டும். நான்காவது வரியில் பழைய மெனு திரும்பி வந்து நிற்கும். முதல் முறை அது வரும்போது கிடைக்கும் நிம்மதி தனி.

இது அந்த ஒரு முறைக்குத்தான். லினக்ஸ் ஏறியதும் கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப் என்று ஓட்டினால் நிலைக்கும். டெபியன், உபுண்டு வழி இது. பயாஸ் முறை என்றால் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிரைவின் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனின் பெயரைக் கொடுக்கக் கூடாது. ஃபெடோராவில் யுஇஎஃப்ஐ என்றால் கிரப்2, ஷிம் தொகுப்புகளைத் திரும்ப நிறுவுவதே சரியான வழி.

பார்ட்டிஷனைத் திறக்கும்போது "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்று வந்தால், டிரைவ் தெரிகிறது ஆனால் எழுத்து புரியவில்லை என்கிறது. 2023இல் வந்த ஈ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47 என்ற லினக்ஸ் கருவித் தொகுப்பு, புதிதாக உருவாக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் சில புதிய அம்சங்களைத் தானாகவே சேர்க்கத் தொடங்கியது. திருத்தம் செய்யாத பழைய கிரப்புக்கு அது புரியாது. புதிய லினக்ஸில் ஃபார்மேட் செய்து பழைய லினக்ஸின் கிரப்பை வைத்துப் பூட் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எச்டி0, எச்டி1 என்ற எண்களை எந்த அமைப்புக் கோப்பிலும் எழுதி வைக்காதீர்கள். ஒரு பென் டிரைவைச் செருகினாலே வரிசை மாறிவிடலாம். யுயுஐடி மாறாது, நீங்களாக ஃபார்மேட் செய்யும் வரை.

டிரைவ் தெரிகிறது, மெனுவில் விண்டோஸ் இல்லை

இதையும் பலர் "கிரப் டிரைவைப் பார்க்கவில்லை" என்றே சொல்வார்கள். கிரப் மெனு பூட் ஆகும்போது தேடி உருவாவதில்லை. முன்பே எழுதி வைத்த பட்டியல் அது. மற்ற இயங்குதளங்களைத் தேடிச் சேர்ப்பது ஓஎஸ்புரோபர் என்ற தனி நிரல், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் பாதுகாப்புக் காரணமாக அது முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசிக்குள் டிஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர் என்பதற்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இடதுபக்கப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, ஃபால்ஸ் சிற்றெழுத்து.

கிரப்புக்குப் பதில் சிஸ்டம்டிபூட் என்ற பூட்லோடரைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு மாதிரி. அது தான் இருக்கும் ஈஎஸ்பியையும் அதே டிரைவில் உள்ள நீட்சிப் பூட் பார்ட்டிஷனையும் தாண்டிப் பார்க்காது. விண்டோஸின் ஈஎஸ்பி இன்னொரு டிரைவில் இருந்தால் மெனுவில் வராது. ஃபர்ம்வேரின் பூட் மெனுவைத்தான் நாட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் நிஜமாகவே தேடிப் பார்க்கும் ஒன்று வேண்டும் என்றால் ரெஃபைண்ட் என்ற பூட் மேனேஜர். தொடக்கத்தில் எல்லா டிரைவையும் துழாவி, கிடைத்த பூட்லோடர்களையும் கெர்னல்களையும் படமாக வரிசைப்படுத்தும். மெதுவாக எழும் யுஎஸ்பி டிஸ்க் தெரியவில்லை என்றால் மெனுவில் எஸ்கேப் விசையை அழுத்துங்கள், மறுபடி தேடும். அப்போது தெரிந்தால், அதன் அமைப்புக் கோப்பில் ஸ்கேன்_டிலே என்பதற்கு 3 அல்லது 5 நொடி கொடுங்கள். ஈஎக்ஸ்டி4இல் உள்ள கெர்னலைக் காட்டவில்லை என்றால் அதற்கான டிரைவர் கோப்பு ரெஃபைண்டின் டிரைவர் அடைவில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான ஃபர்ம்வேருக்கு ஃபேட் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. பல டிரைவ் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கெர்னல் ஏறிய பிறகு காணவில்லை என்றால்

பிஸிபாக்ஸ் ஷெல் வந்துவிட்டால் பூட்லோடர் தன் வேலையை முடித்துவிட்டது. அதைத் திட்டாதீர்கள். இப்போது ரூட் பார்ட்டிஷனைத் தேடுவது கெர்னல். அந்த ஷெல்லில் பிஎல்கேஐடி என்று தட்டுங்கள். உங்கள் பார்ட்டிஷன் வேறு யுயுஐடியுடன் வந்தால், மெனுவில் ஈ விசையை அழுத்தி ரூட் வரியில் எண்ணைத் திருத்தி ஏற்றிவிட்டு, பிறகு பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பையும் சரிபார்த்து அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினால் வருகிறது, முதலில் வரவில்லை என்றால் அது தாமதம்; கெர்னல் வரியில் ரூட்டிலே=10 (ரூட், டிலே இரண்டும் சேர்ந்த ஒரே சொல்) என்று சேர்த்துப் பாருங்கள். யுஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸில் இது சகஜம். எவ்வளவு நேரம் ஆனாலும் வரவே இல்லை என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அந்த டிரைவர் இல்லை. விஎம்டியை இயக்கிவிட்ட பிறகு, அல்லது டிரைவை வேறு கண்ட்ரோலருக்கு மாற்றிய பிறகு இப்படி ஆகும். லைவ் பென் டிரைவிலிருந்து உங்கள் லினக்ஸுக்குள் நுழைந்து, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் பயன்படுத்தும் லினக்ஸில் மாட்யூல்ஸ் கோப்பில் விஎம்டி அல்லது என்விஎம்ஈ என்று ஒரு வரி சேர்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்து ஒரு முறை ஒழுங்காக ஏறியதும் எழுந்து போய்விடாதீர்கள். ரீஸ்டார்ட் சோதனை போதாது. கணினியை முழுதாக அணைத்து, பின்பக்க சுவிட்சையும் அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து, பென் டிரைவ் எதுவும் செருகாமல் போட்டுப் பாருங்கள். என் பழைய டிஸ்க் ரீஸ்டார்ட்டில் ஒரு நாளும் தோற்றதில்லை.